மொட்டை மாடியில் ஒரு பை மணல்: குட்டி நாயை ஒரே இடத்தில் போகப் பழக்குவது எப்படி?

கேட்டவர் சென்னை காசிமேட்டில் குடியிருக்கும் ஒரு சகோதரி. இரண்டாவது மாடியில் ஒரு ஹால், ஒரு ரூம், சமையலறை. மேலே நாலு குடித்தனத்துக்கும் பொதுவான மொட்டை மாடி. பிள்ளைகள் தெருவிலிருந்து தூக்கி வந்த பெண் குட்டி, பத்து வாரம் இருக்குமாம், பெயர் ரோஸி. நாளைக்குப் பத்துத் தடவை மாடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். அங்கேயும் ஒன்றுக்கு, இரண்டுக்குப் போகிறது, கீழே வந்து ஹாலிலும் போகிறது. வீட்டுக்காரர் விடியற்காலை இரண்டரைக்கு மீன் ஏலத்துக்குக் கிளம்பும்போது இருட்டில் மிதித்துவிட்டுப் போட்ட சத்தத்தில் பக்கத்து வீடே எழுந்துவிட்டதாம். மாமியார் அதன் மூக்கை அதிலேயே வைத்துத் தேய்த்தும் பார்த்தாயிற்று. "இதைப் பழக்க முடியுமா, இல்ல வேற யாருக்காவது குடுத்துடறதா?" என்று கேட்கிறார்.

குடுத்துவிட வேண்டாம் தங்கச்சி. பத்துத் தடவை மாடியேறுகிறவரிடம் இன்னும் மெனக்கெடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஒரே ஒரு விஷயம் விட்டுப்போயிருக்கிறது. அதைச் சரிசெய்தால் மூன்று நாலு வாரத்தில் உங்கள் ஹால் காயும். நான் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு நாய் டாக்டரிடம் 11 வருஷம் கையாளாக இருந்தவன். ஊசி போட்டுக்கொண்டு கிளம்புகிறவர்கள் வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்கிற கேள்வி பெரும்பாலும் இதுதான்.

விட்டுப்போனது என்னவென்றால், தரை. நாம் "மாடி", "ஹால்" என்று பிரிக்கிறோம். குட்டிக்கு அந்தக் கணக்கு கிடையாது. காலுக்கடியில் என்ன இருக்கிறது, அங்கே என்ன வாடை அடிக்கிறது, இந்த இரண்டை வைத்துத்தான் அது இடத்தைத் தெரிந்துகொள்கிறது. பிறந்து இரண்டு மூன்று வாரம்வரை தாய் நக்கிவிட்டால்தான் குட்டிக்கு ஒன்றுக்கே வரும். தாயே சுத்தமும் செய்துவிடும். அதற்கப்புறம் தள்ளாடித் தள்ளாடிப் படுத்த இடத்தை விட்டு நாலடி தள்ளிப் போகும். படுக்கிற இடத்தை அசிங்கம் செய்யக்கூடாது என்பது அதற்கு யாரும் சொல்லிக் கொடுக்காமலே வருவது. எட்டு ஒன்பது வாரத்தில், இத்தனை நாளும் எந்தத் தரையில் போனதோ அந்தத் தரையைத் தேட ஆரம்பித்துவிடும். மண்ணில் போனது மண்ணைத் தேடும், சிமெண்டில் போனது சிமெண்டைத் தேடும்.

இப்போது நம் பக்கத்து வீடுகளை யோசியுங்கள். சந்து காங்கிரீட், வாசல் சிமெண்டு, படிக்கட்டு சிமெண்டு, ஹால் மொசைக் அல்லது டைல்ஸ், மொட்டை மாடியும் சிமெண்டு. குட்டி கால் வைக்கிற எல்லா இடமும் கெட்டியாக, வழவழவென்று, குளிர்ச்சியாக ஒரே மாதிரி. நீங்கள் மாடியில் இறக்கிவிட்டதும் ரோஸி போனாள், நல்ல பிள்ளை என்று தட்டிக் கொடுத்தீர்கள். அவள் படித்துக்கொண்ட பாடம், "கெட்டித் தரையில் போனால் தட்டிக் கொடுப்பார்கள்" என்பது. கீழே வந்தாலும் கெட்டித் தரைதானே. அவள் பாடத்தைச் சரியாகத்தான் ஒப்பித்திருக்கிறாள்.

நானும் இதில் பட்டவன். எங்கள் வீட்டில் ஜிம்மி என்று ஒரு பொம்மேரியன் இருந்தது. மெனக்கெட முடியாமல் பாத்ரூம் பக்கத்தில் ஒரு கோணிச் சாக்கை மடித்துப் போட்டுப் பழக்கினேன். பத்தே நாளில் பழகிவிட்டது. ஒவ்வொரு தடவை போனதும் அரை பிஸ்கட். எனக்குத் தலைகால் புரியவில்லை. எர்ணாவூரில் தங்கை வீட்டுக்கு ஒரு வெள்ளிக்கிழமை கூட்டிக்கொண்டு போனேன். சாமி ரூம் வாசலில் சணல் மிதியடி ஒன்று போட்டிருந்தார்கள். ஜிம்மி நேராகப் போய் மோந்து பார்த்தது, இரண்டு சுற்றுச் சுற்றியது, உட்கார்ந்து முடித்தது. முடித்துவிட்டு ஓடி வந்து, பிஸ்கட்டுக்காக என் முகத்தை அண்ணாந்து பார்த்தது. தங்கை என்னைத்தான் பார்த்தாள், நாயை அல்ல. நியூஸ் பேப்பரில் பழக்குகிறவர்களுக்கும் இதே கதைதான். தாத்தா படித்துவிட்டு நாற்காலிக்குக் கீழே வைத்த பேப்பரும் நாய்க்குக் கக்கூஸ்தான்.

ஆகவே, வீட்டுக்குள் வேறெங்கும் இல்லாத ஒரு தரையைக் குட்டிக்குக் கொடுங்கள். நம் ஊருக்கு மணல்தான் என் கட்சி. மலிவு, நாற்றத்தை இழுக்கும், குட்டிக்கும் இயல்பாகப் பிடிக்கும். மாடியில் ஒரு மூலையில் தார்ப்பாய்த் துண்டை விரித்து, மூன்றடிக்கு இரண்டடி செங்கல் அணை கட்டுங்கள். பூச்சு எதுவும் வேண்டாம், படுக்கை வசத்தில் அடுக்கினாலே போதும், 14 கல் பிடிக்கும். உள்ளே இரண்டு அங்குலம் மணல். ஒரு சிமெண்டுப் பையில் முக்கால்வாசி இருந்தால் ரொம்பிவிடும். கட்டட வேலை நடக்கிற இடத்தில் கேட்டால் தருவார்கள். சலித்த ஆற்று மணல் கிடைத்தால் நல்லது, எம் சாண்ட் கொஞ்சம் சொரசொரப்பு, அவ்வளவுதான் வித்தியாசம். கடல் பக்கத்திலேயே இருக்கிறதே என்று கரையிலிருந்து அள்ளி வராதீர்கள். அங்கே ஊர் நாயெல்லாம் போகிறது, தூண்டில் முள்ளும் கிடக்கும்.

மூலையைப் பிடிக்குமுன் இரண்டு காரியம். ஒன்று, மழைத்தண்ணீர்க் குழாயின் வாய் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டிலேயே மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். உங்கள் மாடித் தண்ணீர் கிணற்றுக்கோ தொட்டிக்கோ போகிறது என்றால், நாயின் மூத்திரமும் அதோடு போகக் கூடாது. குழாய்க்கு எதிர் மூலையைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு, மேலே வடகம் காயப்போடுகிறவர்கள், கருவாடு உலர்த்துகிறவர்கள், துணி உலர்த்துகிறவர்கள் எல்லாரிடமும், ஓனரிடமும், முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். வடகத்தை நாய் மிதித்த பிறகு சொல்கிற வார்த்தைக்கு மதிப்பு இல்லை. சொல்லும்போது "தினமும் நானே அள்ளிடறேன்க்கா" என்று சேர்த்துச் சொல்லி, அப்படியே அள்ளவும் வேண்டும்.

பூனையை மறந்துவிடாதீர்கள். காசிமேட்டில் மீன் இருக்கிற வரைக்கும் பூனை இருக்கும், மணலைக் கண்டால் அதுவும் விடாது. உபயோகிக்காத நேரத்தில் ஒரு பழைய பலகையோ தகரமோ போட்டு மூடிவையுங்கள்.

அதே மணலில் கொஞ்சம் எடுத்து, ஒரு அகலமான பிளாஸ்டிக் டிரேயில் கொட்டி, வீட்டுக்குள் பாத்ரூம் கதவுக்குப் பக்கத்தில் வையுங்கள். "ஒரே இடம்னு சொல்லிட்டு ரெண்டு இடமா?" என்று கேட்பீர்கள். இடம் இரண்டு, தரை ஒன்று. பத்து வாரக் குட்டியால் நடுராத்திரி மாடிப்படி ஏறவும் முடியாது, நீங்கள் தூக்கிப் போகும்வரை அடக்கவும் முடியாது. இந்த டிரே இரண்டு மாதத்துக்குத்தான். நாலைந்து மாதமாகி, தானே படியேறி வாசலில் நின்று உங்களைக் கூப்பிட ஆரம்பித்ததும், டிரேயை நாளைக்கு ஒரு சாண் வாசல் பக்கம் நகர்த்திக்கொண்டே போய், ஒருநாள் எடுத்துவிடலாம். ஒரே நாளில் எடுத்தால் அது இருந்த மூலையிலேயே போய்விடும்.

அடுத்தது நேரம். குட்டியின் வயது எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டினால் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று ஒரு உத்தேசக் கணக்கு சொல்வார்கள். இரண்டரை மாதத்துக்கு மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். ஆனால் இது தூங்கும்போது. விழித்து ஓடியாடும்போது முக்கால் மணி, ஒரு மணிக்கு மேல் நம்பாதீர்கள். தூங்கி எழுந்ததும் உடனே, விளையாடி முடித்ததும் உடனே, தண்ணீர் குடித்த கால் மணியில், சாப்பிட்ட ஐந்து நிமிஷத்திலிருந்து அரை மணிக்குள். வயிற்றில் சோறு விழுந்ததும் குடல் தானாக அசையும், அதனால்தான் சாப்பிட்டதும் இரண்டுக்கு வருகிறது. இந்த நேரங்களைத் தவறவிடாமல் இருந்தாலே முக்கால்வாசி வேலை முடிந்தது. உங்கள் வீட்டில் விடியற்காலையில் மெட்ரோ தண்ணீர் வரும்போது யாராவது அடி பம்புக்கு எழுந்திருப்பீர்கள் அல்லவா, நாளின் முதல் நடையை அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். குடத்தைத் தொடுமுன் குட்டி. பம்பு சத்தத்தில் எழுந்துவிட்ட குட்டி, நாலாவது குடம் ரொம்பும்வரை காத்திருக்காது.

மணலில் விட்டதும் என்ன செய்கிறீர்கள் என்பதுதான் பழக்கத்தைப் போடும் நிமிஷம். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். குட்டியைத் தூக்கிக்கொண்டே மேலே போங்கள். கையில் இருக்கும்போது பெரும்பாலும் விடாது. மணலில் நாலு காலும் படும்படி இறக்குங்கள். பிறகு நில்லுங்கள், அவ்வளவுதான். போனைப் பார்க்காதீர்கள், குட்டியோடு பேசாதீர்கள், துரத்தி விளையாடாதீர்கள். நீங்கள் விளையாடினால் அது வந்த காரியத்தை மறந்துவிடும். கீழே போனதும் ஞாபகம் வரும். முதலில் மோந்து பார்க்கும், காக்கா கத்தினால் நிமிர்ந்து பார்க்கும், மணலை ஒரு தரம் பிராண்டும். பிறகு மூக்கைத் தரையோடு இழுத்துக்கொண்டு ஒரு வட்டம் போடும். அந்த வட்டம் சின்னதாகிக்கொண்டே வரும். அப்போது மெதுவாக ஒரே வார்த்தையைச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்குச் சொன்ன "உச்சா" போதும். வீட்டில் எல்லாரும் அதே வார்த்தையைச் சொல்ல வேண்டும். மாமியார் "சூ சூ" என்றால் எல்லாரும் "சூ சூ". உட்கார்ந்து போகும்போது வாயைத் திறக்காதீர்கள், பாதியில் நிறுத்திவிட்டு உங்களிடம் ஓடி வந்துவிடும். முடித்து எழுந்திருக்கிறது பாருங்கள், அந்த நொடியில் பாராட்டும், கையில் தயாராக வைத்திருக்கும் துளி ஈரலோ பிஸ்கட் துண்டோ வாய்க்குப் போக வேண்டும். கீழே வந்து டப்பாவைத் திறந்து கொடுத்தால், படியிறங்கி வந்ததற்குக் கொடுத்த பிஸ்கட் ஆகிவிடும். பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டு போங்கள்.

ஐந்து நிமிஷம் நின்றும் போகவில்லை என்றால் கீழே கொண்டுவாருங்கள், ஆனால் தரையில் விடாதீர்கள். மடியிலோ பெட்டியிலோ வைத்திருந்து பத்து நிமிஷத்தில் மறுபடி மேலே. போனதும் உடனே தூக்கிக்கொண்டு இறங்காமல் கொஞ்ச நேரம் மாடியில் விளையாட விடுங்கள். போனால் ஆட்டம் முடிந்துவிடும் என்று தெரிந்துகொண்ட குட்டி அடக்கிவைத்துக்கொள்ளும்.

பெட்டி என்றது, அது தூங்குகிற இடம். தக்காளி வரும் பிளாஸ்டிக் டிரேயோ, டிவி வந்த அட்டைப்பெட்டியோ, கட்டிலுக்கடியில் பலகை வைத்து மறித்த இடமோ எதுவாகவும் இருக்கலாம். நிற்க, திரும்ப, நீட்டிப் படுக்க இடம் இருந்தால் போதும். பெரிதாக இருந்தால் ஒரு மூலையில் போய்விட்டு மறு மூலையில் படுத்துக்கொள்ளும். மீன் பெட்டி வேண்டாம். உங்கள் வீட்டில் சும்மா கிடக்கும் என்று தெரியும், ஆனால் எத்தனை கழுவினாலும் அந்த வாடையை நக்கிக்கொண்டே குட்டி தூங்காது. தாங்குகிற நேரத்துக்கு மேல் அடைத்தும் வைக்காதீர்கள். கூண்டில் கிடந்து அதிலேயே போய்ப் பழகிய குட்டிகளைக் கிளினிக்கில் நிறையப் பார்த்திருக்கிறேன். படுக்கையை அசிங்கம் செய்யக்கூடாது என்கிற அந்த இயல்பு ஒருதரம் கெட்டுவிட்டால், திரும்பக் கொண்டுவர மாதக்கணக்காகும்.

விழித்திருக்கும் நேரத்தில் கண்பார்வையை விட்டு விலகாமல் இருக்க ஒரு சுலப வழி, ஐந்தடிக் கயிற்றின் ஒரு முனையைக் குட்டியின் கழுத்துப் பட்டையிலும் மறு முனையை உங்கள் இடுப்பிலும் கட்டிக்கொண்டு வேலையைப் பாருங்கள். விளையாட்டைச் சட்டென்று விட்டுவிட்டு மூக்கைக் கீழே போட்டாலோ, பீரோவுக்குப் பின்னால் போகப் பார்த்தாலோ, வாசலைப் பார்த்து முனகினாலோ, கயிறு இழுத்துச் சொல்லிவிடும்.

இப்போது மாமியார் விஷயம். பெரியவர்களிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். மூக்கைத் தேய்த்தால் குட்டிக்குப் புரிவது, "இவங்க எதிர்ல போனா ஆபத்து" என்பது மட்டும்தான். அப்புறம் நீங்கள் மாடியில் பக்கத்தில் நின்றாலும் போகாது. யாரும் பார்க்காத கட்டிலடியைத் தேடும். சில குட்டிகள் தடயம் இல்லாமல் இருக்கட்டும் என்பதுபோல் இருந்ததையே தின்றுவிடும். "அதுக்குத் தெரியும்பா, திருட்டு முழி முழிக்குது பாரு" என்று சொல்வார்கள், கிளினிக்கில் எல்லாரும் சொன்னார்கள். அமெரிக்காவில் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்பவர் 2009இல் 14 நாய்களை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தார். தின்னக்கூடாது என்று சொன்ன பண்டத்தை நாய் தின்றிருந்தாலும் சரி, தொடாமலே இருந்திருந்தாலும் சரி, எஜமான் திட்டியபோதுதான் அந்தத் திருட்டு முழி அதிகம் வந்தது. நாய் படிப்பது நம் முகத்தை. ஆகவே காய்ந்துபோன ஈரத்தைக் காட்டித் திட்டுவதில் பிரயோஜனம் இல்லை. போய்க்கொண்டிருக்கும்போதே பார்த்துவிட்டால், ஒரு தரம் "ஏய்" என்று கை தட்டி, அப்படியே தூக்கி மணலில் வையுங்கள். மிச்சத்தை அங்கே முடித்தால் வழக்கம்போல் பிஸ்கட்.

துடைப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வெள்ளை பினாயில் போட்டால் நம் மூக்குக்கு வாசனை, நாய் மூக்குக்கு அடியில் பழைய வாடை அப்படியே இருக்கும். அது "இங்கே போகலாம்" என்று எழுதி ஒட்டிய போர்டு மாதிரி. அமோனியா கலந்த கிளீனர் இன்னும் மோசம், மூத்திரத்திலும் அந்த வாடைதான். முதலில் பழந்துணியால் ஒற்றி எடுங்கள், தேய்த்துப் பரப்பாதீர்கள். தண்ணீர் விட்டுத் துடைத்து, டைல்ஸ் என்றால் வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து துடையுங்கள். மொசைக், சிவப்பு சிமெண்டுத் தரை என்றால் வினிகர் மேல்பூச்சை அரிக்கும், ஆப்ப சோடாவைத் தூவி ஊறவிட்டு எடுங்கள். நாய்ச் சாமான் கடைகளில் என்சைம் கிளீனர் கிடைக்கிறது. விலை கூடுதல், ஆனால் வாடையைச் சுத்தமாக அறுப்பது அதுதான், ஒரு பாட்டில் வாங்கிவைப்பது நஷ்டமில்லை. பாத்ரூம் ஆசிட்டைக் குட்டி நடமாடும் தரையில் ஊற்றாதீர்கள். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்டோ வினிகரோ சேர்ந்தால் குளோரின் புகை கிளம்பும், அடைத்த வீட்டில் அது விஷம்.

ராத்திரிக்கு உங்கள் வீட்டில் ஒரு வசதி இருக்கிறது, மற்ற வீட்டில் கிடையாது. வீட்டுக்காரர் இரண்டரைக்குக் கிளம்புகிறார். பத்தரைக்கு நீங்கள் கடைசியாக மாடிக்குக் கொண்டுபோய் வந்துவிட்டால், அடுத்த முறை அவருடையது. அவர் எழுந்து முகம் கழுவுமுன் குட்டியைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பாத்ரூம் பக்கத்து டிரேயில் விட வேண்டும். விளக்கைப் பிரகாசமாகப் போடாமல், பேச்சில்லாமல், போனதும் ஒரு தட்டு, மறுபடி பெட்டி. இரண்டு நிமிஷ வேலை. மிதித்து வழுக்குவதைவிட இது தேவலை என்று அவருக்கே தெரியும். அடுத்தது ஐந்தரைக்கு, அதற்குள் நீங்கள் எழுந்துவிடுவீர்கள்.

சாப்பாட்டுத் தட்டை நாள் பூரா வைத்திருந்தால் நாள் பூரா வரும். இந்த வயதில் நாலு வேளை, நேரம் தவறாமல். 15 நிமிஷத்தில் தின்னாததை எடுத்துவிடுங்கள். பாக்கெட் பாலை நிறுத்துங்கள், நிறையக் குட்டிகளுக்கு அது சேராமல் பேதியாகும். பேதியாகும் குட்டியிடம் அடக்கிக்கொள் என்று எப்படிச் சொல்வது? தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள். சென்னை வெயிலில் அது பாவம், ஆபத்தும்கூட. படுக்கப்போகும் முன் ஒரு மணி நேரம் கிண்ணத்தை எடுத்துவைத்தால் போதும்.

மாடி எதற்கு, தெருவிலேயே பழக்கிவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். தடுப்பூசி முடியும்வரை வேண்டாம். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்காக உயிரோடு இருக்கும், குட்டியை இரண்டு மூன்று நாளில் கொண்டுபோய்விடும். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, பிறகு மூன்று நாலு வாரத்துக்கு ஒன்றாக 16 வாரம்வரை, வெறிநாய் ஊசி மூன்று மாதத்தில். ரோஸி தெருவில் கிடைத்தவள் என்பதால், இதுவரை ஊசி ஒன்றும் விழுந்திருக்காது. வேப்பேரியில் 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி இருக்கிறது, உடனே கொண்டுபோய்க் காட்டுங்கள். வயிற்றுப் பூச்சிக்கு மருந்தும் அங்கேயே கேட்டு வாங்குங்கள். இன்னொன்று, பிள்ளைகளை அது கடித்தோ பல்லால் பிராண்டியோ இருந்தால், குட்டிதானே என்று விட்டுவிடாதீர்கள். சோப்புப் போட்டு 15 நிமிஷம் ஓடுகிற தண்ணீரில் கழுவி, அன்றைக்கே ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தெருவில் மட்டுமே போகப் பழகிய நாய் மழைக்காலத்தில் என்ன பாடு படும் என்பதை நான் பார்த்தேன். 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். அப்போது எங்களிடம் இருந்த நாய் மின்கம்பத்தடியைத் தவிர வேறெங்கும் போகாது. பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். கம்பம் பாதி முழுகிவிட்டது. மாடிக்குக் கூட்டிப் போனேன், பாத்ரூமில் விட்டேன், படிக்கட்டில் விட்டேன். ஒன்றரை நாள் அடக்கிக்கொண்டு, வயிறு கல்லாகி, நடுங்கிக்கொண்டு என்னையே பார்த்தது. கடைசியில் மாடியில் உடைந்துபோன செடித்தொட்டியின் மண்ணைக் கொட்டிப் பரப்பினேன். காலில் மண் பட்டதும் உட்கார்ந்தது. எழுந்திருக்க ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆனது. மண் என்ன சமாச்சாரம் என்று எனக்கு உறைத்தது அந்த நிமிஷத்தில்தான். தேங்கிய தண்ணீரில் எலி மூத்திரம் கலந்து எலிக்காய்ச்சல் வேறு பரவும், அது நாயிடமிருந்து நமக்கும் வரும். ஐப்பசிக்கு முன்பே மணலை மாடிப்படி மேல்கூரைக்குக் கீழே நகர்த்திவிடுங்கள், அல்லது மேலே ஒரு தகரம் சாய்த்துவையுங்கள். வெயில் காலத்தில் நேர்மாறு: பகல் பதினொன்று முதல் நாலுவரை மாடித் தரையில் உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள், ஐந்து எண்ணும்வரை தாங்கவில்லை என்றால் குட்டியின் பாதமும் தாங்காது. அந்த நேரத்துக்கு உள்ளே இருக்கும் டிரே.

மணல் பராமரிப்பு சுருக்கமாக. இரண்டுக்குப் போனதை அன்றன்றே அள்ளுங்கள். உருண்டைப் புழுவின் முட்டை மண்ணில் இரண்டு வாரத்துக்கு மேல் கிடந்தால்தான் தொற்றும் பக்குவத்துக்கு வரும், பிள்ளைகள் விளையாடும் மாடியில் அதற்கு இடம் கொடுக்க வேண்டாம். அள்ளியதை மணலை உதறிவிட்டு டாய்லெட்டில் போடுங்கள், மணல் போனால் குழாய் அடைத்துக்கொள்ளும். நனைந்த மணலை வாரம் ஒரு தடவை எடுத்துப் புதிது போடுங்கள். மாதம் ஒரு தடவை முழுவதும் மாற்றும்போது பழசில் ஒரு கைப்பிடி கலந்துவிடுங்கள், வாடை தொடர்ந்து இருக்கட்டும்.

வீட்டுக்காரர் மத்தியானம் வந்ததும் ரோஸி ஓடிப் போய்க் காலடியில் சொட்டு விடுகிறாள் என்றால் அது இந்தக் கணக்கில் சேராது. சந்தோஷத்திலும் பயத்திலும் சில குட்டிகளுக்கு அப்படி ஆகும். அவர் குனிந்து தூக்காமல், கொஞ்ச நேரம் கண்டுகொள்ளாமல் இருந்துவிட்டுப் பிறகு கொஞ்சினால் போதும், வளர வளர நின்றுவிடும். ஐந்தாறு மாதத்தில் நன்றாகப் பழகிய நாய் மறுபடி தவறினால் ஒரு வாரம் பழைய கயிறு, பழைய நேரம் என்று திரும்புங்கள். ஆனால் அடிக்கடி உட்கார்ந்து சொட்டுச் சொட்டாகப் போனாலோ, முக்கினாலோ, ரத்தம் தெரிந்தாலோ, பழக்கத்தில் குறை தேடாமல் டாக்டரிடம் போங்கள். பெண் நாய்களுக்கு மூத்திரக் குழாயில் கிருமி சுலபமாக ஏறும்.

மணல் நாளைக்கு வந்துவிடும் என்றால், இன்றைக்கு ஹாலில் துடைத்த துணியை அலசிவிடாதீர்கள். அந்த ஈரத் துணியைப் புது மணலின் நடுவில் நன்றாகத் தேய்த்துவிட்டு, பிறகு ரோஸியைத் தூக்கிக்கொண்டு மேலே போங்கள்.